சுனை என்று நான் சொன்ன பள்ளம்

எங்கள் ஊர் மலையின் உச்சியில் நின்றால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். மார்கழியில் போனால் கண்மாய்கள் நிரம்பி, ஒன்றின் மிச்சத் தண்ணீர் அடுத்ததற்கு இறங்கி, திருவாதவூர் வரைக்கும் வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாக மின்னும். வடக்கே அழகர்மலை நீலமாக நீண்டு கிடக்கும். மேற்கே யானைமலை. அதற்கும் அப்பால் மதுரைக் கோபுரங்கள் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஆனால் நான் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம், அந்தா, அந்தப் புகைக்கு இடது பக்கம் பாருங்கள் என்று கையை நீட்டிவிடுவேன். அவர்களும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஆமாம் ஆமாம் என்பார்கள். எனக்குப் பொய் நன்றாக வரும் என்பதை அப்போதே யாராவது கண்டுபிடித்திருக்கலாம்.

மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பது சமயநல்லூரில். அம்மா மட்டும் ஊரில், மலையடிவாரத்து வீட்டில் இருக்கிறாள். சில வருஷத்துக்கு முன்னால் அந்த மலையைக் குவாரிக்குக் கேட்டு ஆள் வந்தது. ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்தது. கடைசியில் அது பாதுகாக்கப்பட்ட மலை என்று அறிவிப்பு வந்தது. அதுவரைக்கும் ஆபீஸில் யாராவது என் ஊரைக் கேட்டால் மேலூர்ப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே தனியாக இருக்கிற தெரு. ஊர்ப் பெயரைச் சொன்னால், தெரிந்தவர்களிடமிருந்து அடுத்த கேள்வி எந்தத் தெரு என்று வரும்.

மலையின் படம் பேப்பரில் வந்த பிறகு பக்கத்து மேசைக்காரர், இது உங்க ஊரா மேடம், ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன் என்றார். என் ஊரை ஒருவர் ஆசையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்குத் தலையில் ஏறிய கனம் இறங்க ரொம்ப நாள் ஆனது.

முதலில் ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு அவர்களில் ஒருவருக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர் கேமராவும் கையுமாக ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் ஏறுவோம். நான்தான் முன்னால் போவேன். அடிவாரத்தில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கும். அதைத் தாண்டினால் உசிலை மரங்கள். பாறை தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்வேன், எங்கள் ஊரில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. வெறுங்காலில் ஏறினால் வழுக்காது என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். வருகிறவர்களுக்காக அதற்கும் ஒரு பக்திக் காரணத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

பாதி ஏறினால் ஒரு பெரிய பாறைக்குக் கீழே குகை. உள்ளே எப்போதோ துறவிகள் படுப்பதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகள், தலைமாட்டில் கொஞ்சம் உயரம் விட்டு. சித்திரை வெயிலிலும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். அதற்கு மேலே செங்குத்துப் பாறை. அதன் இடுக்கில் வல்லூறு கூடு வைத்திருக்கும். பாறையில் வெள்ளையாக எச்சம் வழிந்திருப்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆள் சத்தம் கேட்டால் ஜோடியில் ஒன்று வெளியே வந்து தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். மழை பெய்த மறுநாள் போனால் மொத்தப் பாறையும் கறுத்து நனைந்து, குழி கண்ட இடமெல்லாம் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வானம் தெரியும். இதையெல்லாம் நான் நன்றாகவே எடுத்துச் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதில் ருசி தட்டிவிட்டது.

ஆனால் வந்தவர்கள் அதிக நேரம் நின்றது இதில் எந்த இடத்திலும் இல்லை. மலையின் தெற்கு மூலையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மூன்று பக்கமும் நேராக இறங்கும் பாறைச் சுவர், உள்ளே ஆழமான பச்சைத் தண்ணீர். கோடையிலும் வற்றாது. ஓரத்தில் கோரைப்புல் முளைத்துக் கிடக்கும். முக்குளிப்பான் பறவை தன் குஞ்சுகளோடு நீந்திக்கொண்டே இருக்கும், கிட்டே போனால் முழுகிவிடும். காலை வெயில் கிழக்குச் சுவரைத் தாண்டி உள்ளே விழ விழத் தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டே வரும்.

முதல் தடவை வந்த அன்று என்ஜினீயர் அந்த விளிம்பில் நின்று, "இது இயற்கையா உண்டானதா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா சார், சுனை. எத்தன நூறு வருஷமா இருக்கோ" என்றேன்.

வாய் கூசவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் கூசுகிறது.

அது சுனை இல்லை, கல்குவாரி. என் அம்மா பதினாலு வருஷம் உட்கார்ந்து ஜல்லி உடைத்த இடம். சுவரில் வேட்டுக்குத் துளை போட்ட தடம்கூட வரிசையாக இருக்கிறது. பாதியைத் தண்ணீரும் மீதியைக் கொடியும் மறைத்துவிட்டன. அவர் கரண்டு சம்பந்தமான என்ஜினீயர், கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் காலத்தில் மலையின் அந்த மூலையை மட்டும் ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. நடவோ அறுப்போ இல்லாத மாதங்களில் பெண்கள் அத்தனை பேரும் குவாரிக்குத்தான் போவார்கள். ஆண்கள் வேட்டு வைத்துப் பாறையைப் பிளந்து, சம்மட்டியால் உடைத்துப் போடுவார்கள். பெண்கள் பனையோலைத் தட்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்து அதைச் சின்ன ஜல்லியாக்குவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஓர் அடைகல் உண்டு, அதன் மேல் வைத்துத்தான் கல்லை அடிப்பது. சில்லு தெறிக்காமல் இருக்கப் பழைய டயரில் வெட்டிய வளையத்தைக் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்தும் அம்மாவின் இடது கைப் பெருவிரலில் இன்றுவரைக்கும் நகம் ஒழுங்காக முளைப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். தட்டிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அம்மாவுக்கு அடுத்த அடைகல் ஒரு அத்தையுடையது. ரத்தச் சொந்தமா என்றால் தெரியாது. எங்கள் தெருவில் எல்லோரையும் ஏதாவது ஒரு முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். அவள் மகளும் நானும் ஒரே வகுப்பு. அத்தை இருந்தால் அந்த வரிசையே சிரித்துக்கொண்டிருக்கும். நான் இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாகப் படித்தால், கலெக்டரம்மா பேசுது, எல்லாரும் கைய நிறுத்துங்கடி என்பாள். அவள் தூக்குவாளியில் கொண்டுவந்த கஞ்சியில் மகளுக்கு ஒரு பங்கு வைத்தால் எனக்கும் ஒரு பங்கு வைப்பாள்.

பத்தாவது முடித்து மேலூரில் பதினொன்றாம் வகுப்பில் சேர எனக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதை வாங்க அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனாள். அன்றைக்கு லாரி வருகிற நாள், வேலையை நிறுத்த முடியாது. உன் பங்கையும் நானே உடைத்து வைக்கிறேன், நீ பிள்ளை காரியத்தைப் பார் என்று அத்தை சொல்லி அனுப்பினாள். சுவரோரமாக, நிழல் கொஞ்சம் அதிகமாக விழும் அம்மாவின் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். முந்தின நாள் வேட்டில் விரிசல் விட்டு நின்ற பாறை மேலேயிருந்து இறங்கிவிட்டது. நாங்கள் சான்றிதழோடு பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெருவே அழுதுகொண்டிருந்தது. அத்தை மகள் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. தன் அம்மா உட்கார்ந்த வரிசையில் அவள் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷம் பள்ளத்தின் அடியில் ஊற்று திறந்து தண்ணீர் ஏறியது. மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தும் அடங்கவில்லை. காண்ட்ராக்டர் போட்டது போட்டபடி போய்விட்டார். அந்தப் பச்சைத் தண்ணீரின் கதை அவ்வளவுதான்.

அத்தையின் அடைகல்லை எங்கள் தெருப் பெண்கள் பள்ளத்தின் விளிம்பில் நட்டு வைத்து மஞ்சள் பூசினார்கள். வருஷா வருஷம் ஆனி மாதத்தில் அவள் போன நாளன்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஏறிப் போவார்கள். பொங்கல் வைப்பதில்லை, கோழி அறுப்பதில்லை. ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து அவள் அடைகல்லுக்கு முன்னால் வைத்து உடைப்பார்கள். உடைத்த ஜல்லியை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அன்றைக்கு அவள் முடிக்காமல் விட்ட வேலையை நாம் முடிக்கிறோம் என்பார்கள். முப்பது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் குவியல் முழங்காலைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது. முதல் சில வருஷம் நானும் போய் உடைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் போன பிறகு போகவில்லை. லீவு இல்லை, பஸ் இல்லை, இப்படி ஏதாவது ஒரு சாக்கு.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் சுனை என்றேன். ஏன் சொன்னேன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. அன்றைக்குக் கூட்டத்தில் வந்த ஒரு அம்மாள் வழியெல்லாம் குவாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஏறினார். மலையை உடைத்துத் தின்றவர்கள் விளங்கவே மாட்டார்கள் என்றார். நானும் சேர்ந்துகொண்டு, ஆமாங்க, மனசாட்சி இல்லாத சனங்க என்று ஒத்து ஊதினேன். அதைச் சொல்லி ஐந்து நிமிஷம் கழித்து, இது குவாரி, இங்கே உட்கார்ந்து உடைத்தது எங்கம்மா என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? கல் உடைத்தவள் மகள் என்று சொன்னால் எந்தத் தெரு என்ற கேள்விக்கும் தானாகவே பதில் கிடைத்துவிடும். சுனை என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. ஊற்று இருக்கத்தானே செய்கிறது என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். இத்தனைக்கும் மலைக்காகப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் அந்தக் கல்லுடைத்த பெண்கள்தான். நாங்க ஒடச்சது போதும், இனி ஒருத்தனும் தொடப்படாது என்று அம்மா அங்கே எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவளுக்குச் சொல்ல வெட்கமில்லை. வேலைக்குப் போய், மடிப்புக் கலையாத சேலை கட்டுகிற எனக்குத்தான் இருந்தது.

பொய்யைச் சொல்லிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும் என்று நினைத்தேன். என்ஜினீயருக்கு அந்த இடத்தின் மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. அங்கே ஒரு பலகை வைக்க வேண்டும், செலவைக் கூட்டத்தில் பிரித்துக்கொள்வோம், வாசகத்தை நீங்கதான் எழுதணும் மேடம் என்றார். இரண்டு நாள் யோசித்து எழுதிக் கொடுத்தேன். மழையும் ஊற்றும் கூடிக் காலம் செதுக்கிய இயற்கைச் சுனை, எந்தக் கோடையிலும் வற்றாதது என்று. காலம் செதுக்கிய என்ற இடத்தை அவர் போனில் இரண்டு தடவை படித்துக் காட்டிப் பாராட்டினார். அன்று முழுக்க எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

பலகை நடுகிற வேலை ஒரு வேலைநாளில் நடந்தது. ஆபீஸில் ஒரு வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருந்தார், நான் அவருடைய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து என்ஜினீயரின் போன்.

"மேடம், குழி தோண்டியாச்சு. கான்கிரீட்டுக்கு ஜல்லிய அடிவாரத்துலேர்ந்து தூக்கிட்டு வரணும்ங்கிறாங்க. இங்க விளிம்புலயே ஒரு குவியல் கெடக்கு. யாரோடதுன்னு தெரியல. எடுத்துக்கலாமா?"

எனக்குத் தெரியும். எந்தக் குவியல் என்று சந்தேகமே இல்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் சுனை போய்விடும், காலம் செதுக்கியதும் போய்விடும்.

"எடுத்துக்கோங்க சார். சும்மா கெடக்குறதுதான்" என்றேன்.

போனை வைத்துவிட்டு அந்தப் படிவத்தை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் நிரப்பி முடித்தேன். எழுந்து வெளியே ஓடி, நிறுத்துங்கள் என்று திரும்பக் கூப்பிட எனக்கு நேரம் இருந்தது. அரை நாள் நேரம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகையைத் திறந்தோம். முப்பது பேருக்குக் கம்மங்கூழ் கரைத்துத் தரச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஒத்தாசைக்கு அத்தை மகளையும் அவள் கூப்பிட்டுக்கொண்டு வந்திருந்தாள். அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது என் கணக்கு. என்ஜினீயர் விடவில்லை. மலையைக் காப்பாற்றின ஊர்க்காரங்க இல்லாமல் என்ன விழா, மேலே வந்துதான் ஆக வேண்டும் என்றார். அவர் நல்லவர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூழ்ப் பானையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

பலகை நீல நிறத்தில் பளிச்சென்று நின்றது. அதன் காலடியில் கான்கிரீட் கட்டி, மேல்பூச்சு சரியாகப் போடாததால் உடைத்த ஜல்லியின் முனைகள் வெளியே தெரிந்தன. குவியல் இருந்த இடத்தில் வெறும் தடம். மஞ்சள் கரைந்து வெறும் கல்லாக நின்ற அத்தையின் அடைகல்லைப் பிடுங்கி ஓரமாகக் குப்புறப் போட்டிருந்தார்கள். அதன் மேல் யாரோ தன் பையை வைத்திருந்தார்.

அம்மா பார்த்தாள். அத்தை மகளும் பார்த்தாள். அவள் பார்வை கான்கிரீட்டை விட்டு நகரவே இல்லை. நான் கூட்டத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

கைதட்டல் முடிந்ததும் என்ஜினீயர் அம்மாவிடம் திரும்பினார். நீங்க ஆதியிலேர்ந்து இந்த மலையப் பாக்குறவங்க, இந்தச் சுனையப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தயாரானார்கள்.

அம்மா என்னைத் தேடிப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா சொல்லிவிடாதே என்று என் கண் கெஞ்சியிருக்க வேண்டும், அதை அவள் படித்துவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவள், அதை மட்டும் சட்டென்று படித்துவிட்டாள்.

"சுனைதாங்கய்யா. எங்களுக்கு முன்னயே கெடக்கு. யாரும் வெட்டல" என்றாள்.

எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். அத்தை மகள் கையிலிருந்த கரண்டியைப் பானைக்குள் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கோபமாக எல்லாம் போகவில்லை, வீட்டில் வேலை கிடக்கிற ஆள் போவதைப் போலத்தான் போனாள். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மீதிக் கூழை அம்மா தனியாக ஊற்றிக் கொடுத்தாள்.

மத்தியானம் வீட்டில் வைத்து, ஏம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்வி. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நீ எழுதிப் போட்டுட்ட. அம்புட்டுப் பேரு முன்னால எம்மகளப் பொய்க்காரி ஆக்கவா?" என்றாள். கூழ்ப் பானையைக் கழுவிக்கொண்டே, ஜல்லியை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு என்றாள்.

அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு ஞாயிறு அதே கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று அதில் எழுதியிருப்பதை நானே வாசித்துக் காட்டினேன். குப்புறக் கிடந்த அடைகல்லை நிமிர்த்தி வைக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை, யாராவது என்ன அது என்று கேட்டுவிடுவார்களே. தண்ணீர் பச்சையாக அப்படியே இருந்தது. முக்குளிப்பான் குஞ்சுகள் பெரிதாகியிருந்தன.

ஆனி வந்தது. அந்த நாளுக்கு லீவு போட்டுவிட்டு, தேங்காய், பூ, மஞ்சள் எல்லாம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். இத்தனை வருஷம் இல்லாத அக்கறை. அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இந்த வருஷம் யாரும் போகவில்லை என்றாள்.

"சுனையில யாருத்தா கல்லு ஒடச்சா? ஒடைக்காத எடத்துல யாரு செத்தா? அங்க போயி என்ன செய்ய?"

குத்திக்காட்டும் குரல் இல்லை. வெங்காயத்தைப் பார்த்தபடியேதான் சொன்னாள். பலகை திறந்த அன்றிலிருந்து அத்தை மகள் அம்மாவோடு பேசுவதில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழாயடியில் அம்மா வந்தால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாளாம். அதுவரைக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தது அவள். ரேஷன் கடையிலிருந்து அரிசியைத் தூக்கிவந்து போட்டது அவள். பெற்றதால் நான் மகள், அவ்வளவுதான். கூட இருந்து பார்த்துக்கொண்டது அவள். எனக்காக ஒரு பொய் சொல்லி அம்மா அவளை இழந்துவிட்டாள். இந்த வயதில் ஒரு தெருவுக்குள் இருந்துகொண்டு இழந்துவிட்டாள்.

அங்கேயே நின்று என்ஜினீயருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், எந்தத் தெரு என்பது உட்பட. "இத ஏன் மேடம் முதல்லயே எங்கிட்ட சொல்லல? நான் என்ன நெனச்சிருவேன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். பலகையை நாளைக்கே கழற்றிவிடுகிறேன், அந்த அம்மாவின் பெயரைப் போட்டு உண்மையை எழுதி வேறு பலகை வைப்போம், பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

எனக்குப் பெயர் தெரியவில்லை.

அவள் கஞ்சியைக் குடித்து வளர்ந்திருக்கிறேன். என் சான்றிதழுக்காக அம்மா போன நாளில் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து செத்திருக்கிறாள். அத்தை, அத்தை என்று கூப்பிட்டதோடு சரி. அம்மா பக்கம் திரும்பிக் கேட்டேன். எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன், அவளுக்கு மக இருக்கா, போய்க் கேளு என்றாள்.

மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறாள். வாங்கி வந்த தேங்காய்ப் பையை வாசலில் வைத்துவிட்டு நடந்தேன். ஆடிப் பட்டத்துக்குக் கூலிக்கு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே பேசினேன். சுனை என்று முதலில் சொன்னது நான், எழுதியது நான், ஜல்லியை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நான், அம்மா மேல் தப்பில்லை என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"ஒங்கம்மா மேல எனக்கு ஒன்னும் இல்ல. மனசு ஆறல, அதான் பேசல. நாளைக்குப் போயிப் பேசிருவேன். ஒனக்காகத்தான அன்னைக்கு அப்படிச் சொன்னாக" என்றாள்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். பலகையை மாற்றப்போகிறோம் என்று ஆரம்பித்தேன். அந்த இரண்டு நிமிஷ நடையில் நான் ஒரு வாசகத்தை யோசித்து வைத்திருந்தேன், அதைச் சொல்லியும் காட்டினேன். இந்தப் பாறை ஒரு தாயின் வியர்வையால் நீரானது என்று. சொன்னேனே! அவள் முன்னால் நின்று அதைச் சொன்னேன். இப்போது இதை எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

"பேரச் சொல்றேன். எங்கம்மா கையால வாங்கிக் குடிச்சவ நீ, ஒனக்குத் தெரியணும். ஆனா நீ எழுதாத. நீ எழுதுனா அழகா எழுதிருவ."

பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். வேறு பலகை வேண்டாம் என்று என்ஜினீயரிடம் சொல்லிவிட்டேன். பழையதை அவர் கழற்றிவிட்டார். கான்கிரீட் கட்டி மட்டும் அங்கேயே இருக்கிறது, அதற்குள் எந்தக் கல் யார் உடைத்தது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அடைகல்லைப் பெண்கள் திரும்ப நட்டுவிட்டார்கள், அதற்கு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. அத்தையின் பெயரை நான் இதில் எங்கேயும் எழுதவில்லை. மற்றதையெல்லாம் அவள் மகளைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன்.